நான்கு என்றால் என்ன? – கணினிகள் பேசிக்கொள்ளும் எண்களைக் கற்பித்தல்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் பேருந்தில் ஏறும் எந்தக் குழந்தைக்கும் ஒரு குறியீட்டு மொழி தெரியும். நடத்துநர் ஒரு விசில் கொடுத்தால் பேருந்து நிற்கும். இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். முகூர்த்த நாள் கூட்டத்தில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஆனாலும் சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி சரியாக நின்று, சரியாகக் கிளம்புகிறது. காரணம், ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை.

ஒருநாள் ஒரு நடத்துநர் மட்டும் இதை மாற்றி வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இறங்குவதற்காகப் படிக்கட்டில் கால் வைத்த பாட்டியின் நிலை என்ன? இந்தக் கேள்வியை எட்டாம் வகுப்பில் கேட்டேன். வகுப்பு ஒரு நொடி அமைதியானது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கணினி வலையமைப்பில் 'செய்தி வகைக் குறியீடு' என்னும் கருத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயரைக் கேட்டால் பொறியியல் கல்லூரிப் பாடம்போலத் தோன்றும். ஆனால் கணினி இல்லாமலேயே, மூன்று பாடவேளைகளில், நடுநிலை வகுப்புகளுக்கும் இதைக் கொண்டுசேர்க்க முடிகிறது. என் வகுப்பில் நடந்ததையும், அதில் நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

கற்றல் விளைவுகள்

இந்தப் பாடத்தின் முடிவில் மாணவர்கள்,

1. வலையமைப்பில் கணினிகள் ஒன்றிடம் ஒன்று வேலை சொல்வதற்கு எண்களை ஏன் பயன்படுத்துகின்றன என்பதை விளக்குவர்.
2. ஒரு சிறிய சேமிப்பு நெறிமுறைக்குத் தாங்களே குறியீட்டுப் பட்டியல் தயாரிப்பர்.
3. ஒருமுறை வழங்கிய எண்ணின் பொருளை மாற்றினால் நேரும் கேட்டை எடுத்துக்காட்டுடன் கூறுவர்.
4. பட்டியலை வளர்ப்பதற்கான விதிகளை வகுப்பர்.

தேவையான பொருள்கள்: பழைய தேர்வுத்தாள்களின் வெற்றுப் பக்கங்கள், நான்கு கோப்பு அட்டைகள், ஒரு மேசை, சிறு சீட்டுகள்.

சேமிப்பது ஓரிடம், வேலை செய்வது வேறிடம்

ஆய்வகத்தில் மாணவர் தம் முன்னால் இருக்கும் கணினியில் படம் வரைகிறார். சேமிக்கும்போது அந்தப் படம் அதே கணினியில் தங்க வேண்டும் என்பதில்லை. அறையின் மூலையில் இருக்கும் சர்வரிலோ, வேறு ஊரில் இருக்கும் சர்வரிலோ போய் உட்காரலாம். மறுநாள் வேறு கணினியில் அமர்ந்தாலும் அதே படத்தைத் திறக்கலாம்.

இதற்கு மாணவரின் கணினி சர்வரிடம் பேச வேண்டும். 'இந்தக் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன?', 'இந்தக் கோப்பைப் படித்துக் கொடு', 'இதை எழுதி வை', 'இதை நீக்கிவிடு' என்று பலவிதமாகக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது என்ற உடன்பாட்டுக்குத்தான் நெறிமுறை என்று பெயர். சேமிப்புக்கான உடன்பாடு என்பதால் இது வலையமைப்புச் சேமிப்பு நெறிமுறை.

கேட்பவை பல வகை என்பதால், வந்திருக்கும் செய்தி எந்த வகை என்று சர்வருக்கு முதலில் தெரிய வேண்டும். அதற்காகச் செய்தியின் தொடக்கப் பகுதியிலேயே ஓர் எண் வைக்கப்படுகிறது. அதுவே செய்தி வகைக் குறியீடு. 'படி', 'எழுது' என்று சொல்லாகவே அனுப்பினால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். சொல்லின் நீளம் மாறும், எழுத்துப்பிழை வரும், ஒருவர் தமிழில் எழுதுவார், இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதுவார். எண்ணுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. எப்போதும் ஒரே அளவு இடம் பிடிக்கும். எந்த மொழிக்காரருக்கும் ஒன்றுதான். நிரலில் அந்த எண்ணுக்கு நாம் என்ன பெயர் வைத்தாலும் கம்பியில் போவது எண் மட்டுமே.

முதல் நாள்: அலமாரி விளையாட்டு

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்தேன். ஒரு குழு சர்வர். மேசையில் கோப்பு அட்டைகளுடன் அமர்ந்தது. மற்ற மூன்று குழுக்களும் கிளையன்ட் கணினிகள். ஒவ்வொரு மாணவரும் ஒரு தாளில் ஏதேனும் வரைந்து அல்லது எழுதிச் சர்வரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

விதி ஒன்றே ஒன்று: பேசக் கூடாது. சீட்டு மட்டுமே. சீட்டில் மூன்று பகுதிகள் இருக்கும்: சீட்டு எண், குறியீடு, தாளின் பெயர். சர்வர் பதில் எழுதும்போது அதே சீட்டு எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். ஒரே நேரத்தில் பத்துச் சீட்டுகள் வந்தாலும் எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று குழம்பாமல் இருக்கத்தான் இந்த எண்.

குறியீட்டுப் பட்டியலை மாணவர்களே கலந்து பேசி முடிவு செய்தார்கள்.

0 – இருக்கிறாயா?
1 – பட்டியல் சொல்
2 – படிக்கக் கொடு
3 – எழுதி வை
4 – பெயர் மாற்று

பூச்சியத்துக்கு 'இருக்கிறாயா?' என்று வைத்தது ஒரு மாணவனின் யோசனை. "போன்ல மொதல்ல ஹலோன்னு சொல்லிட்டுத்தான சார் விஷயத்தப் பேசுவோம்" என்றான். அவன் அறியாமலே உண்மையான நெறிமுறையை வடிவமைத்தவர்கள் செய்த அதே முடிவுக்கு வந்திருந்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

அன்றைய விளையாட்டு எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது. தாள்கள் போயின, வந்தன. மணி அடித்ததும் வகுப்பு முடிந்தது.

இரண்டாம் நாள்: கிழிந்த படம்

மறுநாள் ஒரு குழுவினர் கைப்பந்துப் போட்டிக்குப் போய்விட்டுத் தாமதமாகத்தான் வகுப்புக்கு வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன் மற்றவர்கள் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்கள்: வேண்டாத தாளை நீக்கச் சொல்ல எண்ணே இல்லை. 'நீக்கு' என்று ஒன்று வேண்டும். எங்கே சேர்ப்பது? 'எழுதி வை' என்பதற்கு அடுத்து 'நீக்கு' வந்தால் வரிசை பொருத்தமாக இருக்கும் என்று குழுத்தலைவர் சொன்னார். எனவே 4 என்பது 'நீக்கு' ஆனது. 'பெயர் மாற்று' 5-க்குத் தள்ளப்பட்டது. கரும்பலகையில் புதிய பட்டியல் எழுதி அழித்தும் ஆயிற்று. நானும் "வரிசை நன்றாக இருக்கிறது" என்று பாராட்டினேன்.

தாமதமாக வந்த குழுவின் கையில் இருந்தது முதல் நாள் பட்டியல். அந்தக் குழுவின் மாணவி ஒருத்தி சுருளி அருவியை வரைந்து 'படம்' என்ற பெயரில் கொடுத்து வைத்திருந்தாள். அதற்குச் 'சுருளி அருவி' என்று பெயர் வைக்க விரும்பினாள். சீட்டில் 4 என்று எழுதி, 'படம்' என்று எழுதி அனுப்பினாள். சர்வர் குழு சீட்டைப் பார்த்தது. 4 என்றால் நீக்கு. அருவியை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டது. 'வேலை முடிந்தது' என்று பதில் சீட்டும் அனுப்பியது.

அந்த மாணவி அழவில்லை. குப்பைக்கூடையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து மேசையில் சேர்த்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நாலுன்னா பேரு மாத்துறதுன்னுதான சார் சொன்னீங்க?" என்றாள்.

யார் மீது தவறு? அவள் பட்டியலில் உள்ளபடிதான் எழுதினாள். சர்வர் குழுவும் தன் பட்டியலில் உள்ளபடிதான் செய்தது. இருவரும் விதியை மீறவில்லை. ஆனாலும் படம் கிழிந்துவிட்டது. தவறு, நடுவில் எண்ணின் பொருளை மாற்றியவர்களுடையது. அதை அனுமதித்த என்னுடையது. வகுப்பின் முன் அதைச் சொன்னேன். விளையாட்டுக்கு வைக்கும் தாள்களில் மாணவர்கள் ஆசையாக வரைந்தவை இருக்கக் கூடாது என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன். இந்தச் செயல்பாட்டைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் வெற்றுத்தாளில் பெயர் மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுநாடாவால் படத்தை ஒட்டிக்கொண்டே அவள் இன்னொன்றும் கேட்டாள்: "கிழிக்கிறதுக்கு முன்னாடி, நீ எந்தப் பட்டியலை வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்?"

அந்தக் கேள்விக்கான விடை, உலகம் முழுவதும் பயன்படும் ஒரு சேமிப்பு நெறிமுறையில் இருக்கிறது.

உண்மையான நெறிமுறை என்ன செய்கிறது?

என்.எஃப்.எஸ். என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய வலையமைப்புக் கோப்பு நெறிமுறை. லினக்ஸ் கணினிகளில் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதன் இரண்டாம் பதிப்பின் விவரக்குறிப்பு 1989-இலும், மூன்றாம் பதிப்பின் விவரக்குறிப்பு 1995-இலும் வெளியிடப்பட்டன. இரண்டிலும் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் உண்டு. சிலவற்றை மட்டும் ஒப்பிடுவோம்.

எண் 0: இரண்டாம் பதிப்பில் 'ஒன்றும் செய்யாதே', மூன்றாம் பதிப்பிலும் அதுவே.
எண் 6: இரண்டிலும் 'படி'.
எண் 8: இரண்டாம் பதிப்பில் 'எழுது', மூன்றாம் பதிப்பில் 'கோப்பை உருவாக்கு'.
எண் 9: இரண்டாம் பதிப்பில் 'கோப்பை உருவாக்கு', மூன்றாம் பதிப்பில் 'கோப்புறையை உருவாக்கு'.
எண் 12: இரண்டாம் பதிப்பில் 'கோப்புக்கு இன்னொரு பெயர் சேர்', மூன்றாம் பதிப்பில் 'கோப்பை நீக்கு'.

முதலில் பூச்சியத்தைக் கவனியுங்கள். ஒன்றும் செய்யாத செயலுக்கு எதற்கு ஓர் எண்? சர்வர் உயிரோடு இருக்கிறதா, பதில் வருகிறதா என்று சோதிக்கத்தான். நம் மாணவனின் 'ஹலோ'தான் அது.

அடுத்து 12-ஐக் கவனியுங்கள். ஒன்றில் பெயர் சேர்ப்பது, மற்றொன்றில் நீக்குவது. நம் வகுப்பில் 4-க்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான். அப்படியானால் இரண்டாம் பதிப்பைப் பேசும் கணினி, மூன்றாம் பதிப்பைப் பேசும் சர்வரிடம் 12 என்று அனுப்பினால் கோப்பு போய்விடாதா?

போகாது. ஏனெனில் 12 என்பது தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு அழைப்பின் தலைப்பிலும் வரிசையாக இவை இருக்கும்: இந்த அழைப்புக்கான அடையாள எண், இது கேள்வியா பதிலா என்பது (கேள்வி என்றால் 0, பதில் என்றால் 1), அழைப்பு முறையின் பதிப்பு, எந்தச் சேவை என்பதற்கான எண் (என்.எஃப்.எஸ்-க்கு 100003), அந்தச் சேவையின் எந்தப் பதிப்பு, அதன் பிறகுதான் செயலின் எண். எனவே சர்வர் 12-ஐப் பொருள் கொள்வதற்கு முன்பே '2-ஆம் பதிப்பு' என்பதைப் படித்துவிடும். தனக்கு 2 தெரியாது என்றால் எதையும் செய்யாமல், 'பதிப்பு பொருந்தவில்லை. எனக்குத் தெரிந்த மிகக் குறைந்த பதிப்பு இது, மிக உயர்ந்த பதிப்பு இது' என்று பதில் அனுப்பும்.

'நீ எந்தப் பட்டியலை வைத்திருக்கிறாய்?' என்று அந்த மாணவி கேட்கச் சொன்ன கேள்வி இதுவே. பட்டியலைத் திருத்தி அடுக்கத்தான் வேண்டும் என்றால், பட்டியலுக்கே புதிய எண் கொடுத்துவிட வேண்டும்; அந்த எண்ணை ஒவ்வொரு சீட்டிலும் எழுத வேண்டும்.

இரண்டாம் பதிப்பில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதில் எண் 3 ஒரு செயலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வேலையை வேறொரு நெறிமுறை எடுத்துக்கொண்டதால் அது தேவையற்றதாகிவிட்டது. ஆனால் அந்தப் பதிப்புக்குள் 3-ஐ வேறு எதற்கும் கொடுக்கவில்லை. 4-ஐ 3-ஆக மாற்றி இடைவெளியை நிரப்பவும் இல்லை. 'காலாவதியானது' என்ற குறிப்போடு அந்த இடம் அப்படியே விடப்பட்டது.

நம் பள்ளி எண்ணிலேயே இருக்கும் பாடம்

இந்த விதிகள் மாணவர்களுக்குத் தொலைவில் இருப்பதாகத் தோன்ற வேண்டாம். பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் 33, அது தமிழ்நாடு. அடுத்த இரண்டு மாவட்டம். தேனி மாவட்டப் பள்ளி என்றால் 25 இருக்கும்.

இந்த மாவட்ட எண்கள் வடக்கில் திருவள்ளூர் 01 என்று தொடங்கித் தெற்கே கன்னியாகுமரி 30 என்று முடியும்படி அடுக்கப்பட்டவை. மதுரை 24, தேனி 25 என்று அண்டை மாவட்டங்கள் அடுத்தடுத்து வரும். பின்னர் 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. தருமபுரியின் எண் 05. அழகான வரிசைதான் முக்கியம் என்றால் கிருஷ்ணகிரிக்கு 06 கொடுத்து, மற்ற எல்லா மாவட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் தேனி 26 ஆகியிருக்கும். நம் பள்ளியின் பழைய பதிவுகள் எல்லாம் மதுரை மாவட்டப் பள்ளியின் பதிவுகளாகத் தோன்றியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. கிருஷ்ணகிரிக்கு 31 கொடுத்தார்கள். 2009-இல் உருவான திருப்பூருக்கு 32. வரிசை கலைந்தது, ஆனால் ஒரு பள்ளியின் எண்ணும் பொருள் மாறவில்லை.

இதே முடிவை என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பிலும் பார்க்கலாம். அதில் செயல்கள் ஆங்கில அகரவரிசையில் 3 முதல் 38 வரை எண்ணிடப்பட்டன. 'படி' 25, 'நீக்கு' 28, கடைசியாக 'எழுது' 38. பிறகு 2003-இல் விவரக்குறிப்பைத் திருத்தியபோது, பூட்டின் உரிமையாளரை விடுவிக்கும் செயல் ஒன்று புதிதாக வேண்டியிருந்தது. அகரவரிசைப்படி அது நடுவில் வர வேண்டும். ஆனால் அதற்குக் கிடைத்த எண் 39. கிருஷ்ணகிரிக்கு 31 கிடைத்த அதே காரணத்தால்தான்.

அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானபோது கம்பம், போடி எல்லாம் மதுரை மாவட்டம். 1996-இல் தேனி தனி மாவட்டமானது. ஆனால் கம்பம் 625516, போடிநாயக்கனூர் 625513, தேனி 625531 என்று இன்றும் மதுரையின் 625-தான் முன்னால் நிற்கிறது. மாவட்டம் மாறியும் குறியீடு மாறவில்லை. மாற்றியிருந்தால் பழைய முகவரியுடன் வரும் கடிதங்கள் எங்கே போயிருக்கும் என்று மாணவர்களிடமே கேளுங்கள்.

தெரியாத எண் வந்தால்?

விளையாட்டின்போது ஒரு குறும்புக்காரன் சீட்டில் 9 என்று எழுதி அனுப்பினான். பட்டியலில் 9 இல்லை. சர்வர் குழு தலையைச் சொறிந்தது. "அவசரத்துல 3-ஐ இப்படி எழுதிட்டான்போல" என்று ஊகித்து, எழுதி வைக்கப் போனது. நான் நிறுத்தினேன்.

சர்வர் ஊகிக்கக் கூடாது. தெரியாத எண் வந்தால் 'இந்தச் செயல் எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். வேறெதுவும் செய்யக் கூடாது. 'தெரியாது' என்பதற்கும் ஒரு குறியீடு தேவை. என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பில், முறையற்ற செயல் என்பதைக் குறிக்க மற்ற எண்களிலிருந்து வெகுதூரம் தள்ளி 10044 என்ற எண்ணை வைத்திருக்கிறார்கள். பட்டியல் எவ்வளவு வளர்ந்தாலும் இடிக்காமல் இருக்கட்டும் என்று மாணவர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

வட்டுகளையே வலையமைப்பு வழியே பகிரும் ஐ-ஸ்கஸி என்ற நெறிமுறை 2004-இல் வெளியானது. அதில் குறியீட்டுக்கு 6 பிட்டுகள். ஆக 0 முதல் 63 வரை 64 எண்கள். இதில் 0 முதல் 31 வரை கேட்பவருக்கு. 32 முதல் 63 வரை பதில் சொல்பவருக்கு. உள்நுழையக் கேட்பது 3, அதற்குப் பதில் 35. வெளியேறக் கேட்பது 6, அதற்குப் பதில் 38. வித்தியாசம் எப்போதும் 32. ஒரே ஒரு பிட்டைப் பார்த்தாலே செய்தி எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிடும். 'ஏற்க இயலாது' என்பதற்குக் கடைசி எண்ணான 63. நிறுவனங்கள் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சில எண்கள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருந்தால், நடுவில் நுழைக்க வேண்டிய கட்டாயமே வராது.

மூன்றாம் நாள்: மாணவர்கள் எழுதிய விதிகள்

மூன்றாம் நாள் புதிய சீட்டு தயாரானது. அதில் நான்கு பகுதிகள்: சீட்டு எண், பட்டியலின் பதிப்பு, குறியீடு, தாளின் பெயர். 'பெயர் மாற்று' மீண்டும் 4-க்கே வந்தது. 'நீக்கு' 5 ஆனது. 99 என்றால் 'தெரியாது'. முந்தைய நாள் புழங்கிய பட்டியலுக்கு 2-ஆம் பதிப்பு என்று பெயர் வைத்து, அதை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தார்கள். புதியது 3-ஆம் பதிப்பு. 'இரண்டு தப்பாப் போச்சுன்னு அதையே திரும்ப இரண்டுன்னு வைக்கக் கூடாது' என்று அவர்களே சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் பாடம் முழுவதும் இருந்தது.

பிறகு குழுக்கள் சேர்ந்து வகுப்புச் சுவரில் இந்த விதிகளை எழுதி ஒட்டின.

1. கொடுத்த எண்ணுக்கு வேறு பொருள் கொடுக்க மாட்டோம்.
2. புதியது வந்தால் கடைசியில் சேர்ப்போம்.
3. வேண்டாத எண்ணைக் காலியாக விடுவோம். வேறு எதற்கும் கொடுக்க மாட்டோம்.
4. பட்டியலை மாற்றி அடுக்கினால் பதிப்பு எண்ணையும் மாற்றுவோம்.
5. பதிப்பைப் பார்த்த பிறகே குறியீட்டைப் படிப்போம்.
6. தெரியாத எண் வந்தால் ஊகிக்க மாட்டோம். தெரியாது என்று சொல்வோம்.
7. மாற்றம் செய்த அன்று வராதவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்க மாட்டோம்.

ஏழாவது விதியை எழுதியவர்கள் கைப்பந்துக் குழுவினர். வலையமைப்பிலும் இதுதான் உண்மை. நெறிமுறையைத் திருத்தும் நாளில் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. எங்கோ ஒரு பள்ளியில், எங்கோ ஓர் அலுவலகத்தில், பழைய பட்டியலோடு ஒரு கணினி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதில் ஒருவருடைய பல நாள் உழைப்பு இருக்கும்.

வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள

தொடக்க நிலை (4, 5 வகுப்புகள்): விசில் விளையாட்டே போதும். ஒரு விசில் நில், இரண்டு விசில் நட, மூன்று விசில் உட்கார். சிறிது நேரம் கழித்துப் பாதிப் பேருக்கு மட்டும் இரகசியமாகப் பொருளை மாற்றிச் சொல்லுங்கள். இருவகையினரும் நெருங்கி நிற்காதபடி இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பிறகு 'ஏன் குழப்பம் வந்தது?' என்று கேளுங்கள்.

நடுநிலை (6 முதல் 8 வகுப்புகள்): மேலே சொன்ன அலமாரி விளையாட்டு, யூடைஸ் எண், பின்கோடு. பிழை நடக்கும்படி விடுங்கள். ஆனால் கிழிவது வெற்றுத்தாளாக இருக்கட்டும்.

உயர்நிலை (9, 10 வகுப்புகள்): ஐ-ஸ்கஸி எடுத்துக்காட்டை இருநிலை எண்களோடு இணைக்கலாம். 3-ஐ 000011 என்றும் 35-ஐ 100011 என்றும் எழுதச் சொன்னால், முதல் பிட் மட்டும் மாறுவதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மேல்நிலை (11, 12 வகுப்புகள்): என்.எஃப்.எஸ். அழைப்பில் ஒவ்வொரு எண்ணும் 4 பைட்டுகளில், பெரிய மதிப்புள்ள பைட்டு முன்னால் வரும்படி அனுப்பப்படுகிறது. 6 என்பது 0, 0, 0, 6 என்று போகும். வாங்கும் கணினி அதைத் தலைகீழாகப் படித்தால் கிடைப்பது 100663296. குறியீட்டின் பொருளில் மட்டுமன்றி, அதை எழுதும் முறையிலும் உடன்பாடு தேவை என்பதற்கு இது நல்ல கணக்கு. மேலும், விண்டோஸ் கணினிகள் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. 2 நெறிமுறையில் 8 என்றால் 'படி', 9 என்றால் 'எழுது'. என்.எஃப்.எஸ். இரண்டாம் பதிப்பில் 8 'எழுது'. மூன்றாம் பதிப்பில் 8 'உருவாக்கு'. ஒரே எண், மூன்று பொருள். எண்ணுக்கென்று தனியாகப் பொருள் இல்லை. எந்த உடன்பாட்டுக்குள் அது நிற்கிறது என்பதே பொருள் என்பதை இங்கே விவாதிக்கலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. நூலகத்துக்கான குறியீட்டுப் பட்டியலில் 1 – புத்தகம் எடு, 2 – புத்தகம் திருப்பு, 3 – புதிய உறுப்பினர் சேர். 'தவணை நீட்டி' என்பதைச் சேர்க்க வேண்டும். எந்த எண்ணைக் கொடுப்பாய்? ஏன்?
2. அதே பட்டியலில் 2 இனித் தேவையில்லை. அந்த எண்ணை என்ன செய்வாய்?
3. சர்வருக்கு 1 முதல் 4 வரை மட்டும் தெரியும். 7 என்று ஒரு செய்தி வருகிறது. சர்வர் என்ன பதில் தர வேண்டும்? ஊகித்தால் என்ன கேடு வரும்?
4. பதிப்பு எண் குறியீட்டுக்கு முன்னால் ஏன் இருக்க வேண்டும்? பின்னால் இருந்தால் என்ன?
5. உன் வீட்டில், கடையில், வயலில் எண்ணாலோ ஒலியாலோ சொல்லும் குறியீடு ஏதேனும் உண்டா? அதை மாற்றினால் யாருக்குப் பாதிப்பு?

ஐந்தாம் வினாவுக்கு வந்த விடைகளைப் படித்தாலே பாடம் சென்று சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். 'எங்கள் அப்பா தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் இரண்டு ஹாரன் அடித்தால் அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வருவார். மாற்றினால் அப்பாவுக்குச் சாப்பாடு கிடைக்காது' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

ஒட்டிய சுருளி அருவிப் படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில், ஏழு விதிகளுக்கு மேலே இருக்கிறது. கிழிந்த கோடு அருவியின் நடுவே போகிறது. பெயரை மாணவியே கீழே எழுதியிருக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் எட்டாம் வகுப்பினர் அந்தக் கோடு என்ன என்று கேட்கிறார்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவது எனக்கு எளிதாக இருக்கிறது.